போனஸ் வந்தா நர்சரி உதவி போயிடுமா?

கேள்வி: சார், லண்டன் இல்ஃபோர்ட்ல இருக்கோம், போன வருஷம்தான் ஐஎல்ஆர் (நிரந்தரமா தங்கற அனுமதி) கிடைச்சுது. பையனுக்கு அக்டோபர்ல 9 மாசம் முடியுது, ஜனவரி முதல் வாரம் நான் திரும்ப வேலைக்குப் போறேன். எனக்கு வருஷத்துக்கு 34,000 பவுண்டு, என் வீட்டுக்காரருக்கு 98,000, மார்ச்ல 6,000 போனஸ் வேற வரும். ஒரு லட்சம் தாண்டினா நர்சரிக்கு கவர்மென்ட் உதவி ஒண்ணுமே கிடைக்காதுன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, போனஸே வேணாம்னு எழுதிக் குடுத்துடவான்னு கேக்கறார்.

பதில்: ஐயோ, அப்படி எதுவும் பண்ணிடாதீங்கம்மா. ஃப்ரெண்ட்ஸ் சொன்னது பாதி சரி. ரெண்டு பேர் சம்பளத்தையும் கூட்டிப் பாக்க மாட்டாங்க, ஆளுக்கு 99,000 வாங்கினாலும் கிடைக்கும், ஆனா ஒருத்தர் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல ஒரு பவுண்டு போனாலும் மொத்தமும் போச்சு, கிறுக்குத்தனமான ரூல்தான், என்ன பண்றது.

ஆனா அந்த ஒரு லட்சம்ங்கறது பென்ஷனுக்குப் போடற பணத்த கழிச்ச பிறகு வர்ற கணக்கு. மொதல்ல அவரோட பே ஸ்லிப்ப பாருங்க, பென்ஷன் சாலரி சாக்ரிஃபைஸ்ல, அதாவது வரி போடறதுக்கு முன்னாடியே சம்பளத்துல கழிச்சுப் போகுதுன்னா, தொகையப் பொறுத்து ஏற்கனவே லிமிட்டுக்குள்ள இருக்கலாம். இல்லைன்னா வரி வருஷம் முடியற ஏப்ரல் 5க்குள்ள தனியா ஒரு பென்ஷன்ல 4,000 போடச் சொல்லுங்க, கவர்மென்ட் 1,000 சேக்கும், 5,000 ஆயிடும், அவர் வருமானம் 99,000னு நிக்கும். அப்புறம் செல்ஃப் அசெஸ்மென்ட்ல (நாமளே தாக்கல் பண்ற வரிக் கணக்கு) இன்னும் 1,800 திரும்ப வரும், ஏன்னா ஒரு லட்சத்துக்கு மேல பர்சனல் அலவன்ஸ (வரி இல்லாத வருமானப் பகுதி) கொஞ்சம் கொஞ்சமா பிடுங்கறதால அங்க வரி 60% மாதிரி வேலை செய்யுது. ஆக கைவிட்டுப் போறது 2,200தான், பென்ஷன்ல 5,000 நிக்குது. லிமிட்டுக்கு மேல இருக்கறது 4,000தானே, ஏன் 5,000 கழிக்கணும்னு கேப்பீங்க, பேங்க் வட்டி, ஊர்ல ஃப்ளாட் வாடகை எல்லாம் அந்த ஒரு லட்சத்துல சேரும், வாடகை பெருசுன்னா 5,000மும் பத்தாது.

இது சரியாச்சுன்னா இங்கிலாந்துல 9 மாசம் முடிஞ்ச குழந்தைக்கு வாரம் 30 மணி நேரம், வருஷத்துல 38 வாரம் இலவசமா கிடைக்கும். நர்சரிக்காரங்க அத வருஷம் முழுக்க நிரவினா வாரம் 22 மணி நேரம் மாதிரிதான் வரும், பில்லப் பாத்து ஷாக் ஆகாதீங்க. உங்க பையனுக்கு ஜனவரி டெர்ம்ல ஆரம்பிக்கும், ஆனா ஆன்லைன்ல அப்ளை பண்ணினா தர்ற கோட் நம்பர் டிசம்பர் 31க்குள்ள கையில இருக்கணும், ஒரு நாள் தவறினாலும் அடுத்த டெர்ம்தான்.

மிச்ச பில்லுக்கு டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேர் அக்கவுன்ட் இருக்கு, நீங்க 8 போட்டா கவர்மென்ட் 2 போடும், அது மூணு மாசத்துக்கு 500 வரைக்கும். மாசம் 700 பில்லுன்னா நீங்க 560 போட்டாப் போதும். யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கு கவர்மென்ட் தர்ற உதவி) வாங்கறவங்களுக்கு இது கிடையாது, அது உங்களுக்கு வராது விடுங்க. ரெண்டுக்குமே மூணு மாசத்துக்கு ஒருக்கா ஆன்லைன்ல ரீகன்ஃபர்ம் பண்ணணும், நிறைய பேர் கோட்டை விடறது இங்கதான், ஃபோன்ல அலாரம் வச்சுக்கோங்க.

மாமியார் வந்து பாத்துக்கறாங்க, அவங்களுக்குக் குடுக்கற காச இதுல காட்டலாமான்னு அடுத்து கேப்பீங்க, முடியாது, பதிவு பண்ண ஆளுக்குத்தான் போகும்.

ஐஎல்ஆர் வராம ரெண்டு பேருமே ஒர்க் விசால இருக்கற ஜோடிகளுக்கு இந்த ரெண்டுமே இல்ல, ஆனா 3 வயசுக்கு மேல எல்லா குழந்தைக்கும் உள்ள 15 மணி நேரம் அவங்களுக்கும் உண்டு.

சேக்கறதுக்கு முன்னாடி நர்சரில சாப்பாடு, நாப்பிக்கு எவ்ளோ தனியா போடறாங்கன்னு எழுத்துல கேட்டு வாங்கிடுங்க.