சிறுநீரகக் கோளாறும் கைவைத்தியமும்: டாக்டர் பதில்கள்

ஸ்கேனில் 6 மி.மீ. கல் என்கிறார்கள். வாழைத்தண்டுச் சாறு கரைக்குமா, டாக்டர்?

கரைக்காது. பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட். அதைக் கரைக்கும் சாறும் இல்லை, மாத்திரையும் இல்லை. யூரிக் அமிலக் கல்லோ, சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்தால் கரையும். அதற்கும் மருந்தை அளவு பார்த்துத்தான் கொடுப்போம். 5 மி.மீ.க்கு உட்பட்ட கல் பெரும்பாலும் தானே இறங்கிவிடும்; பெயர் என்னவோ அந்த வாரம் குடித்த சாற்றுக்குப் போய்ச் சேருகிறது. 6 மி.மீ. என்றால் மருத்துவர் கண்காணிப்பில் சில வாரம் பார்க்கலாம். 10 மி.மீ.க்கு மேல் காத்திருப்பதில் பயன் குறைவு. தினமும் 2.5 லிட்டர் சிறுநீர் போகிற அளவு தண்ணீர் குடியுங்கள்.

கஷாயம் குடித்ததும் வலி நின்றுவிட்டது. இனி ஸ்கேன் வேண்டாம்தானே?

கட்டாயம் எடுங்கள். கல் சிறுநீர்க்குழாயை அடைத்தபடியே இருந்தும் வலி அடங்கிவிடும். உள்ளே சிறுநீரகம் வீங்கிக்கொண்டே போகும், வெளியே ஒன்றும் தெரியாது. இப்படிச் சத்தமில்லாமல் ஒரு சிறுநீரகத்தையே இழந்துவிட முடியும்.

அப்பாவுக்கு 20 வருடமாகச் சர்க்கரை. கிரியாட்டினின் 3.8. தினமும் இளநீரும் வாழைத்தண்டும் கொடுக்கிறோம். சரியா?

இன்றே நிறுத்துங்கள், தயவுசெய்து. கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு; அது 3.8 என்றால் சிறுநீரகம் பழுதாகியிருக்கிறது. கல் உள்ளவருக்குச் சொன்ன வைத்தியம் சிறுநீரகம் பழுதானவருக்கு ஆகாது. இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டிய பொட்டாசியம் 6.5-ஐத் தாண்டினால் இதயத்துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம். பல நேரம் முன்னறிகுறி எதுவும் இருக்காது. பிரஷருக்கு டெல்மிசார்ட்டன், எனலாப்ரில் போன்ற மாத்திரை எடுக்கிறார் என்றால் ஆபத்து இன்னும் கூடும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நாளைக்கே பொட்டாசியம், கிரியாட்டினின் இரண்டையும் பார்த்துவிடுங்கள். நட்சத்திரப்பழமும் வேண்டாம், இவர்களுக்கு அது தீராத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும்.

நீர்க்கடுப்புக்கு நெருஞ்சில் கஷாயம் குடிக்கிறேன். நேற்றிலிருந்து குளிர்காய்ச்சலும் இடுப்புக்கு மேலே முதுகுவலியும்.

கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆன்டிபயாட்டிக் தொடங்குமுன் சிறுநீரைக் கல்ச்சருக்கு, அதாவது எந்தக் கிருமி என்று கண்டறியும் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். கூடவே கல்லும் அடைத்திருந்தால் சில மணி நேரத்தில் கிருமி ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகும். கர்ப்பிணிகள் வெறும் எரிச்சல் என்றாலும் காத்திருக்கக் கூடாது.

மூலிகைதானே, சிறுநீரகத்தை என்ன செய்துவிடும்?

ஆடுதீண்டாப்பாளையை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைத் தழும்பாக்கும், சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வரவைக்கும். பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் இதே பேரினத்துச் சீன மூலிகை கலந்த, உடல் எடை குறைக்கும் மருந்தைச் சாப்பிட்ட பெண்கள் பலருக்கு டயாலிசிஸ் வரை போனது. அதனால் பெயரும் சேர்மானமும் எழுதாத பொட்டலப் பொடியை வாங்காதீர்கள். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் மீதியைத் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.