கடன் கட்டணுமா, காணிக்கை போடணுமா? (வாசகர் கேள்வி பதில்)

இந்த மாசம் வந்த கேள்விகள்ல முக்கால்வாசி பணம், காணிக்கை, நன்றி சொல்றது இதப் பத்தித்தான். அதனால மத்தத அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சுட்டு இதையே எடுத்துக்கிட்டேன்.

அக்கா, என் வீட்டுக்காரருக்கு கம்பெனில வேலை போயிருச்சு. நான் தையல் தச்சுத்தான் இப்ப குடும்பம் ஓடுது, மாசம் ஒம்பதாயிரம் வந்தா பெரிசு. மகளிர் குழுவுல வாங்குன கடனுக்கு வாரா வாரம் தவணை கட்டணும். போன மாசம் ஒரு கூட்டத்துல பேசுன ஊழியக்காரர், தசமபாகம் (வருமானத்துல பத்துல ஒரு பங்கு) கொடுக்காதவங்க தேவனையே கொள்ளையடிக்கிறாங்க, அதான் உங்க வீட்ல காசு தங்க மாட்டேங்குதுன்னு சொல்லிட்டாரு. அன்னைல இருந்து சரியா தூக்கம் இல்ல. தவணைய நிறுத்திட்டு முதல்ல தசமபாகம் போட்டுரவா?
(வாசகி, சாத்தான்குளம்)

தங்கச்சி, தவணைய நிறுத்தாதீங்க. வாங்குன கடனத் திருப்பிக் கட்டுறதும் தேவனுக்கு முன்னால நம்ம கடமைதான். அதுவும் குழுக்கடன்னா, நீங்க கட்டலைன்னா கூட இருக்குற மத்த பொம்பளைங்க தலையில வந்து விழும், அவங்க வீட்டு அரிசிக்காச எடுத்து நாம காணிக்கைப் பையில போட்டா அது காணிக்கையாகுமா சொல்லுங்க.

2 இராஜாக்கள் 4ம் அதிகாரத்த இன்னைக்கு ராத்திரி குடும்ப ஜெபத்துல வாசிங்க. தீர்க்கதரிசிங்க கூட்டத்துல இருந்த ஒருத்தரோட பொண்டாட்டி, புருஷன் செத்துட்டாரு, கடன் கொடுத்தவன் வந்து ரெண்டு பிள்ளைகளையும் அடிமையா புடிச்சுட்டுப் போகப் போறான். வீட்ல ஒரு குடம் எண்ணெயத் தவிர எதுவும் இல்ல. எலிசா தீர்க்கதரிசி அந்தம்மாகிட்ட முதல்ல எனக்கு ஒரு பங்கு கொண்டு வான்னு கேக்கல. அக்கம்பக்கத்துல வெறும் பாத்திரமா வாங்கிட்டு வரச் சொல்றாரு, எல்லாத்துலயும் எண்ணெய் நெறையுது. அப்புறம் என்ன சொல்றாருன்னு பாருங்க, எண்ணெய வித்து உன் கடனத் தீர்த்துட்டு மீதிய வச்சு நீயும் உன் பிள்ளைகளும் பொழைங்கன்னு சொல்றாரு. அற்புதத்துல வந்த காசு முதல்ல போனது கடனுக்கு, அடுத்தது பிள்ளைங்க சாப்பாட்டுக்கு. இத எந்தக் கூட்டத்துலயாவது இந்தக் கோணத்துல பேசுனா எவ்வளவு பேரு நிம்மதியா தூங்குவாங்க!

அந்த ஊழியக்காரர் எடுத்தது மல்கியா 3ம் அதிகாரமாத்தான் இருக்கும். பத்தாம் வசனத்துல பண்டசாலைக்கு, அதாவது ஆலயத்துல தானியம் சேத்து வைக்கிற எடத்துக்கு, தசமபாகம் கொண்டு வாங்கன்னு இருக்கு, உண்மைதான். ஆனா அதே அதிகாரத்துல அஞ்சாம் வசனத்த ஏன் யாரும் வாசிக்கிறதில்லைன்னு எனக்கு ரொம்ப நாளா வருத்தம். கூலிக்காரனோட கூலியப் புடிச்சு வைக்கிறவங்க, விதவையையும் திக்கத்த பிள்ளையையும் ஒடுக்குறவங்க, இவங்களுக்கு விரோதமா நானே சாட்சியா வருவேன்னு தேவன் சொல்றாரு. உபாகமம் 14ல போய்ப் பாத்தா தசமபாகம் எதுக்குன்னு தெளிவாவே இருக்கு, மூணு வருஷத்துக்கு ஒருக்க அந்தப் பங்கு சொந்தமா நெலம் இல்லாம ஆலய வேலை பாக்குற லேவியனுக்கு, பரதேசிக்கு (வேத்து நாட்டுல இருந்து வந்து தங்குனவனுக்கு), திக்கத்தவனுக்கு, விதவைக்குப் போகணும், அவங்க வந்து வயிறாரச் சாப்பிடணும். அப்ப இன்னைக்கு உங்க நெலமையில நீங்க அந்தப் பண்டசாலைக்குக் கொண்டு வர்ற ஆளா, இல்ல அதுல இருந்து வாங்கிச் சாப்பிட வேண்டிய ஆளா? உங்க சேகர குருவானவர்கிட்ட (உங்க வட்டாரச் சபைகளுக்குப் பொறுப்பா இருக்குற பாதிரியார்கிட்ட) போயி நெலமைய அப்படியே சொல்லுங்க. வெக்கப்படாதீங்க. ஆதி சபையில விதவைங்க சாப்பாட்டப் பாக்குறதுக்குன்னே ஏழு பேர நியமிச்சாங்க, அது சபையோட வேலைதான்.

அப்ப நான் ஒண்ணுமே கொடுக்க வேண்டாமான்னு கேப்பீங்க, கேக்குற ஆளுதான் நீங்க, உங்க லெட்டர்லயே தெரியுது. கொடுங்க, ஆனா பயத்துல கொடுக்காதீங்க. அப்போஸ்தலர் பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது, மனவிருப்பம் இருந்தா போதும், இல்லாததின்படி இல்ல, உள்ளதின்படிதான் அங்கீகரிக்கப்படும்னு சொல்றாரு (2 கொரிந்தியர் 8:12). அது எருசலேம்ல இருந்த ஏழை விசுவாசிகளுக்காக ஊர் ஊரா காசு சேத்தப்ப எழுதுனது. உங்ககிட்ட உள்ளது என்ன? ஊசி, நூல், மிஷின். பக்கத்து வீட்ல ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையோட யூனிபார்ம் கிழிஞ்சிருந்தா காசு வாங்காம தச்சுக் கொடுங்க. ஞாயித்துக்கிழம கைக்கு வர்றத, அது பத்து ரூவாயோ ரெண்டு ரூவாயோ, ஆண்டவரே இந்த வாரமும் எங்களுக்குச் சோறு போட்டீரேன்னு சந்தோஷமா போடுங்க. போட்டா டபுளா வரும்னு போடுறது நன்றி இல்ல, வியாபாரம். ஏற்கெனவே வாங்கியாச்சுங்கற நெனப்புல போடுறதுதான் காணிக்கை.

இன்னொரு விஷயம், கையில இருந்த ரெண்டு காசையும் காணிக்கையா போட்ட ஏழை விதவைய எல்லா காணிக்கைப் பிரசங்கத்துலயும் இழுப்பாங்க. மாற்கு 12ல அந்தக் கதைக்கு முந்துன வசனத்துலதான் விதவைங்க வீட்டப் பட்சிக்கிற வேதபாரகர, அதாவது வேதத்தச் சொல்லிக் கொடுக்குறவங்கள, இயேசு கண்டிக்கிறாரு. அந்தம்மா மனசப் பாராட்டுன அதே வாயிதான் அவங்களச் சுரண்டுறவன வெளுத்து வாங்குச்சு. இத உங்களப் பயமுறுத்துனவருக்கு யாராவது வாசிச்சுக் காட்டுனா நல்லது.

எங்க ஊர் சபையில ஸ்தோத்திரப் பண்டிகைல (வீட்ல வெளஞ்சதக் காணிக்கையா கொண்டு வந்து நன்றி சொல்ற பண்டிகை) நடந்த ஏலத்துல போன வருஷம் ஒரு சேவல் பன்னெண்டாயிரத்துக்குப் போச்சு. ரெண்டு குடும்பம் போட்டி போட்டு ஏத்துனதுதான். இது தேவனுக்குக் கொடுக்குறதா, கௌரவத்துக்குக் கொடுக்குறதா?
(வாசகர், சென்னை, சொந்த ஊர் பாளையங்கோட்டை பக்கம்)

அண்ணாச்சி, ஏலமே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். வாழைத்தாரு, கோழி, முட்டை, பனங்கிழங்கு, முதல்ல காய்ச்ச முருங்கைக்காய்னு அவங்கவங்க வீட்ல வெளஞ்சத ஆலயத்துக்குக் கொண்டு வந்து வைக்கிறதப் பாக்கும்போது எனக்கு இப்பவும் மனசு நெறஞ்சு போகும். காசாவே இல்லாதவங்ககூட ஒரு சொளகுல பயறு கொண்டு வந்து தலை நிமிந்து நிக்கலாம், அதுதான் இந்தப் பண்டிகையோட அழகு. வெளியூர்ல இருந்து லீவு போட்டு வர்ற பிள்ளைங்க ஏலம் கூப்புடுறதும் ஊர் மேல உள்ள பாசந்தான்.

ஆனா ரெண்டு குடும்பம் பழைய பகைய மனசுல வச்சுக்கிட்டு சேவல் மேல ஏத்துனா அது சேவலுக்கும் ஆகாது, சபைக்கும் ஆகாது. என் கருத்து வேணும்னா சொல்றேன், ஏலத்துக்கு முன்னாடியே இந்தப் பணம் எதுக்குன்னு சபையில வாசிச்சுச் சொல்லிரணும், முடிஞ்சப்புறம் கணக்கையும் ஒட்டணும். எதுக்குக் கொடுக்குறோம்னு தெரிஞ்சா போட்டி தானா எறங்கும்.

நம்ம திருநெல்வேலிச் சபைகளுக்கு இதுல ஒரு பெரிய பரம்பரையே இருக்கு. 1903 பிப்ரவரில இந்தியன் மிஷனரி சொசைட்டிய இங்கதான் ஆரம்பிச்சாங்க, அதுல முன்ன நின்னவரு வெள்ளாளன்விளைல பொறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம்ம ஆளு, நம்ம காசு, நம்ம நிர்வாகம்னு முடிவெடுத்தாங்க. அப்ப சபைகள்ல பனையேறுறவங்களும் வயக்காட்டு வேலை செய்றவங்களும்தான் நெறைய, அவங்க கொடுத்த சில்லறைலதான் நைஜாம் சமஸ்தானத்துல இருந்த தோர்ணக்கல் பக்கம் தெலுங்கு ஜனங்ககிட்ட ஆள் அனுப்புனாங்க. கொஞ்ச வருஷத்துல அசரியாவே அங்க போயிட்டாரு, 1912ல ஆங்கிலிக்கன் சபையோட முதல் இந்தியப் பேராயரா (பிஷப்பா) ஆனாரு. வாங்கிக்கிட்டே இருந்த சபை கொடுக்க ஆரம்பிச்ச கதை அது. பன்னெண்டாயிரம் ரூவா அந்த மாதிரி ஒரு காரியத்துக்குப் போகுதான்னு உங்க சபைக் கமிட்டில கேளுங்க, கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு.

பிள்ளைகளுக்குக் கொடுக்குற பழக்கத்த எப்படி அக்கா கத்துக் கொடுக்குறது? ஞாயித்துக்கிழம நாங்க கையில கொடுக்குற பத்து ரூவாய அப்படியே பையில போடுறாங்க, அவ்வளவுதான்.
(வாசகி, மார்த்தாண்டம்)

அது உங்க காசு, அதான் அவங்களுக்கு ஒண்ணும் தோணல. நம்ம பக்கத்துல பாட்டிமாருங்க செஞ்ச கைப்பிடி அரிசிய மறுபடி ஆரம்பிங்க. சோறு பொங்க அரிசி அளக்கும்போது ஒரு பிடிய எடுத்துத் தனிப் பானையில போடுற வேலைய பிள்ளைகிட்டயே கொடுத்துருங்க. மிசோரம்ல பிரஸ்பிட்டேரியன் சபைப் பொம்பளைங்க 1910ல இத ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு வரைக்கும் விடாம செய்றாங்க, சமைக்கிற ஒவ்வொரு வேளைக்கும் ஒரு பிடி, அதச் சேத்து வித்து மிஷனரி ஊழியத்துக்கு அனுப்புறாங்க. மாசக் கடைசில அந்தப் பானைய யாருக்குக் கொடுக்கலாம்னு பிள்ளைகளையே முடிவு பண்ணச் சொல்லுங்க, கூட்டிட்டுப் போயி அவங்க கையாலயே கொடுக்க வைங்க. கொடுக்குற வீட்ல போட்டோ மட்டும் எடுக்காதீங்க.

எங்கம்மா கேன்சர்ல இறந்து மூணு மாசம் ஆகுது. அவ்வளவு ஜெபம் பண்ணோம். வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லும்மாங்கறாங்க. எனக்கு வாய் வரல. நான் விசுவாசத்துல இருந்து விழுந்துட்டேனா?
(வாசகி, திருச்சி)

இல்லம்மா. விழல. அழுங்க, நல்லா அழுங்க.

யோவான் 11ல இயேசுவோட சிநேகிதன் லாசருவோட கல்லறைகிட்ட என்ன நடந்துச்சுன்னு பாருங்க. இயேசு கண்ணீர் விட்டார்னு இருக்கு. கொஞ்ச நேரத்துல அதே எடத்துல, பிதாவே நீர் எனக்குச் செவிகொடுத்ததுக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்னு சொல்றாரு. லாசருவ எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் அழுதாரு. அழுகையும் நன்றியும் ஒரே கல்லறைகிட்ட, ஒரே வாயில. அப்படின்னா அம்மாவப் பறிகொடுத்துட்டு மூணு மாசத்துல நீங்க அழுறத அவரு குத்தமா எடுப்பாரா? 88ம் சங்கீதம் ஒண்ணு இருக்கு, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் இருட்டுதான், முடிவுல கூட ஆறுதலா ஒரு வரி கிடையாது. அதையும் வேதத்துல வச்சிருக்காரே தேவன், அது உங்களுக்காகத்தான்னு நான் நம்புறேன்.

நம்ம திருநெல்வேலிப் பக்கம் டோனாவூர்ல பிள்ளைகளுக்காக வாழ்ந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாவ உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 1931ல கீழ விழுந்து அடிபட்டவங்க 1951 ஜனவரில இறக்குற வரைக்கும் பெரும்பாலும் படுக்கையிலயேதான் இருந்தாங்க. சுகத்துக்காக அங்க ஜெபம் பண்ணாமலா இருந்திருப்பாங்க? விசுவாசம் கம்மியா இருந்ததாலதான் எந்திரிக்கலன்னு யாராவது அவங்களச் சொல்லுவாங்களா? உங்கம்மா விஷயத்துலயும் யாரும் அப்படிச் சொல்ல விடாதீங்க.

நன்றி சொல்ல எப்ப வாய் வருமோ அப்ப வரட்டும். அம்மா செத்ததுக்கு நன்றி சொல்லணும்னு யாரும் கேக்கல. என்னைக்காவது அம்மா வச்ச மீன் கொழம்பு ருசி ஞாபகம் வரும், அவங்க உங்கள வளத்தது ஞாபகம் வரும், அப்ப இப்படி ஒரு அம்மாவக் கொடுத்தீரேன்னு ஒரு வார்த்தை தானா வரும், அது போதும். அது வரைக்கும் வர்றவங்ககிட்ட, எனக்குப் பதிலா நீங்க ஸ்தோத்திரம் சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன்னு சொல்லிருங்க, இதுல ஒரு தப்பும் இல்ல.

ஹெல்த் இன்சூரன்ஸ் எடுக்கப் போறேன்னு சொன்னா எங்க ஜெபக்குழுவுல ஒரு பெரியவர், ஆண்டவர நம்புறவனுக்கு எதுக்குப்பா பாலிசிங்கறாரு. நாளையதினத்துக்காகக் கவலைப்படாதிருங்கள்னு வசனமும் சொல்றாரு. குழப்பமா இருக்கு.
(வாசகர், கோயம்புத்தூர்)

தம்பி, பெரியவர் மனசுல உள்ள விசுவாசத்த மதிக்கிறேன், ஆனா இதுல அவரு சொல்றத ஏத்துக்க முடியல. கவலைப்படாதேன்னுதான் ஆண்டவர் சொன்னாரு, யோசிக்காதேன்னு சொல்லல. கோபுரம் கட்டுறவன் முதல்ல உக்காந்து செலவக் கணக்குப் பாக்க மாட்டானான்னு கேட்டதும் அவருதான். யோசேப்பு எகிப்துல ஏழு வருஷம் தானியத்தச் சேத்து வச்சது பஞ்சம் வரும்னு தேவன் காட்டுனதால, அந்தச் சேமிப்புலதான் சுத்தி இருந்த தேசமெல்லாம் பொழச்சுச்சு.

விசுவாசத்துக்கு எல்லாரும் சொல்ற ஆளு இங்கிலாந்துல பிரிஸ்டல்ல இருந்த ஜார்ஜ் முல்லர். 1836ல அனாதைப் பிள்ளைகளுக்கு வீடு ஆரம்பிச்சாரு, 1898ல சாகுறதுக்குள்ள சுமார் 10,000 பிள்ளைகளப் பாத்துக்கிட்டாரு, யார்கிட்டயும் போயி காசு குடுங்கன்னு கேட்டதில்ல, ஜெபத்துல மட்டும்தான் கேட்டாரு. இது எல்லாருக்கும் தெரியும். ஆனா அவரு வந்த காசுக்கெல்லாம் கணக்கு எழுதுனவரு, வருஷா வருஷம் அறிக்கை போட்டவரு, கடன் வாங்க மாட்டேன்னு உறுதியா இருந்தவரு. இதையும் சேத்துப் பேசணும் இல்லையா. ஆண்டவர நம்புனதாலதான் அவ்வளவு கணக்கா இருந்தாரு.

அதனால பாலிசிய எடுங்க. வீட்ல வயசானவங்க இருந்தா அவங்களையும் சேருங்க. தகுதி இருந்தா முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கும் எழுதிக் கொடுங்க. அப்புறம் அந்தப் பெரியவருக்கு வயசாயிருச்சுன்னா, அவரு வீட்டு நெலம எப்படின்னு தெரியல, அவருக்கும் அட்டை இருக்கான்னு பக்குவமா கேட்டு, இல்லைன்னா நீங்களே கூட்டிட்டுப் போயி பதிஞ்சு கொடுத்துருங்க.