பூ போட்டுக் கேட்பதற்கு முன்னால்

கேள்வி: எனக்கு 33 வயது. ஓசூரில் ஒரு கம்பெனியில் பர்மனென்ட் வேலை, ஷிப்ட் டியூட்டி. மனைவி, இரண்டாவது படிக்கும் மகளோடு அங்கேயே வாடகை வீட்டில் இருக்கிறேன். ஊரில் நாலு ஏக்கர் மாந்தோப்பு, எல்லாம் பெங்களூரா ரக மாமரம். அப்பாவுக்கு முடியாததால் குத்தகைக்கு விட்டிருக்கிறார். வேலையை விட்டு ஊருக்கே வந்துவிடலாமா? பேப்பரில் எழுதிப் பார்த்தேன், வரலாம் என்பதற்குப் பதினொரு காரணம், வேண்டாம் என்பதற்கு ஐந்து. அப்படியும் மனசு நிற்கவில்லை. மச்சான் வா என்கிறார், அப்பா வராதே என்கிறார், அம்மா கோயிலில் பூ போட்டுக் கேட்டுவிடலாம் என்கிறார். நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கள்.
- ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: தம்பி, வா, வராதே என்று சொல்ல ஏற்கெனவே ஆள் இருக்கிறது, நானும் அதில் சேர விரும்பவில்லை.

1772-ல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற விஞ்ஞானிக்கும் இதே மாதிரி சிக்கல் வந்தது. லீட்ஸ் ஊரில் பாதிரியாராக இருந்தவரை ஷெல்பர்ன் பிரபு தன்னிடம் வேலைக்குக் கூப்பிட்டார். போகலாமா என்று நண்பர் பெஞ்சமின் பிராங்க்ளினிடம் கேட்டார். என்ன முடிவு என்று சொல்லும் அளவுக்கு எனக்கு விவரம் போதாது, எப்படி முடிவெடுப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்று அவர் பதில் எழுதினார். அவர் சொன்னதும் நீங்கள் செய்த அதே இரண்டு பக்கப் பட்டியல்தான். ஆனால் மூன்று நாலு நாள் யோசித்து, அவ்வப்போது தோன்றுவதை எழுத வேண்டும், அப்புறம் ஒவ்வொன்றின் கனத்தையும் பார்த்து, இந்தப் பக்கத்து ஒன்று அந்தப் பக்கத்து இரண்டுக்குச் சமம் என்றால் மூன்றையும் அடித்துவிட்டு, மிச்சம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நீங்கள் பதினொன்று, ஐந்து என்று எண்ணியதோடு விட்டுவிட்டீர்கள். மாதாமாதம் வரும் சம்பளமும் ஊர்க் காற்றும் ஒரே எடையா? (பிரீஸ்ட்லி போனார், 1774-ல் ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தது அந்த வேலையில் இருந்தபோதுதான். அதற்காகப் போவதே சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பலன் நல்லதாக வந்ததால் மட்டும் முடிவு எடுத்த விதம் சரியாகிவிடாது.)

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மச்சான் பேசுகிறார், அப்பா பேசுகிறார், அம்மா பேசுகிறார், உங்கள் மனைவி உங்களோடு வாடகை வீட்டில் இருக்கிறார் என்பதைத் தவிர அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஊருக்கு வந்தால் காலையில் எழுந்ததும் யார் வாழ்க்கை அதிகம் மாறும்? மகளுக்குப் பள்ளிக்கூடம் மாறும், அவருக்கு ஓசூரில் வேலையோ, வேலைக்குப் போகும் எண்ணமோ இருந்தால் அது போகும், உங்கள் அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை பெரும்பாலும் அவர் தலையில்தான் விழும். அந்தப் பதினாறு காரணங்களில் எத்தனை அவருடையவை? மனசு நிற்காததற்கு இதுதான் காரணமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று, ராஜினாமாவைத் திரும்ப வாங்க முடியாது, ஆனால் தோப்பைக் கையில் வைத்துப் பார்ப்பதை எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். குத்தகை முடிந்ததும் ஒரு வருடம் மறுபடி விடாமல், மார்கழி தையில் பூ பிடிப்பதிலிருந்து ஆனியில் காய் இறங்கும் வரை லீவு நாட்களில் வந்து நீங்களே பாருங்கள். மருந்துச் செலவு, ஆள் கூலி, மாங்கூழ் கம்பெனிகள் அந்த வருடம் என்ன விலை வைக்கின்றன, எல்லாம் ஒரு நோட்டில் ஏறட்டும். காய் அதிகம் வரும் வருடம் விலை விழும் என்பது அப்பாவுக்குத் தெரியும், அவர் வராதே என்பதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

அம்மா சொல்வதை நான் தள்ளவில்லை. வெள்ளைப் பூ, சிவப்புப் பூ பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் வைத்துக் குழந்தையை எடுக்கச் சொல்வது, இரண்டு பக்கமும் நிஜமாகவே சமமாக நிற்கும்போது வீடு முழுக்க ஒரு முடிவில் நிற்க உதவும். இப்போது இன்னும் அந்த இடத்துக்கு நீங்கள் வரவில்லை.

அந்தப் பேப்பரை மனைவியிடம் கொடுத்து, அவர் பக்கத்தை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அப்புறமும் குழப்பம் இருந்தால் எழுதுங்கள், இந்தத் தடவை இரண்டு பேரும் சேர்ந்து.