கம்பி ஏன் குட்டையாயிற்று?

கேள்வி: பரணில் கிடக்கும் பழைய டிவி ஆன்டெனாவின் கம்பிகள் ஆள் உயரத்தைத் தாண்டுகின்றன. புதிதாக வாங்கியதிலோ எல்லாம் சாண் அளவுதான். இரண்டும் ஒரே வேலைக்குத்தானே?

பதில்: பழையதை எடைக்குப் போடுமுன் ஒரு முறை அளந்து பாருங்கள். ஆன்டெனா மாட்டித் திரிந்த காலத்தில் என் சட்டைப்பையில் எப்போதும் அளவு நாடா இருக்கும். ஒளிபரப்பு அலையின் அதிர்வெண் எத்தனை மெகாஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை பத்து லட்சம் அதிர்வுகள்) என்று பார்த்து, 300ஐ அந்த எண்ணால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கம்பியை வெட்டுவோம். 50 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலை 6 மீட்டர், கம்பி ஏறக்குறைய 3 மீட்டர். உங்கள் பரண்வாசி, 47 முதல் 68 மெகாஹெர்ட்ஸ் வரையிலான, தொலைக்காட்சியின் முதல் அலைப்பட்டைக்கு உரியது.

தொலைக்காட்சி அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணுக்குப் போனதற்குக் காரணம் இடநெருக்கடி. மத்திய அலை வானொலிப் பட்டை முழுவதுமே ஒரு மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கூடுதல்தான். ஒரே ஒரு டிவி சேனலுக்கு 6 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வேண்டும்.

ஆனால் முதல் பட்டையைப் போல் தொல்லை பிடித்தது வேறில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் போனால் திரையில் புள்ளிமழை. கோடையில், நூறு கிலோமீட்டர் உயரத்தில் அயனிகள் திட்டுத்திட்டாக அடர்ந்து இந்த அலைகளைத் தரைக்குத் திருப்பிவிடும். ஒரு பிற்பகலில் நான் மாட்டிக்கொடுத்த ஆன்டெனாவில் ஏதோ தொலைதூர நாட்டின் சோதனைப் படம் வந்து நின்றது. எனக்கோ கொண்டாட்டம். வாடிக்கையாளர் கூலியைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த இடம் 174 முதல் 230 வரை. கம்பி ஏறக்குறைய முக்கால் மீட்டர். (நடுவே 87.5 முதல் 108 வரை எஃப்.எம். வானொலி உட்கார்ந்திருக்கிறது.) அதற்கும் மேலே, 470இல் தொடங்குவது யு.எச்.எஃப். எனும் மீயுயர் அதிர்வெண் பட்டை. 600 மெகாஹெர்ட்ஸில் அரை அலை 25 சென்டிமீட்டர். உங்கள் சாண் கணக்கு அங்கிருந்து வருகிறது. குன்றுக்குப் பின்னால் வளைந்து போக இந்த அலைக்கு மனம் வராது. அதற்கு ஈடாக, குட்டைக் கம்பிகளைப் பத்துப் பதினைந்து என்று அடுக்கி வலுவைக் கூட்டலாம்.

புதியதைப் பற்றி ஒரு கேள்வி கடைக்காரரிடம் கேளுங்கள்: எந்த எல்லை வரை பிடிக்கும்? முன்பு 862 வரை டிவி இருந்த நாடுகள் பலவற்றில், டிஜிட்டல் வந்தபின் 694க்கு மேலுள்ள பகுதி கைபேசிகளுக்குப் போய்விட்டது. பழைய எல்லைக்குச் செய்த ஆன்டெனாவில் பூஸ்டரையும் பொருத்தினால், பக்கத்துக் கைபேசிக் கோபுரம் படத்தைக் கட்டம் கட்டமாக உடைத்துவிடும். கைபேசி அலைகளைத் தடுக்கும் வடிகட்டி ஒன்றை பூஸ்டருக்கு முன்னால் போடுங்கள். பின்னால் போட்டுப் பயனில்லை.