கை வேலையும் காணிக்கைதானா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, விடிந்தால் சமையல், பாத்திரம், துணி, படுக்கையில் இருக்கும் மாமியாரைக் கவனிப்பது என்று நாள் ஓடிவிடுகிறது. இரவில் ஜெபிக்க உட்கார்ந்தால் கண் சொக்குகிறது. "வேலையே ஆராதனை" என்று பிரசங்கத்தில் கேட்டேன். அதை எப்படித்தான் செய்வது?

பதில்: சகோதரி, ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்னும் துறவி தம் மடத்துக்கு எழுதிவைத்த ஒழுங்கில் சமையற்கட்டுக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. சமையல் முறை வாரத்துக்கு வாரம் மாறும். முறை முடிப்பவர் சனிக்கிழமை துண்டுகளைத் துவைத்து, பாத்திரங்களைச் சுத்தமாகவும் உடையாமலும் திருப்பி ஒப்படைக்க வேண்டும். ஞாயிறு காலை, முறையை முடித்தவரும் ஏற்பவரும் ஜெபக்கூடத்தில் எல்லோர் முன்பாகவும் பணிந்து தங்களுக்காக ஜெபிக்கக் கேட்பார்கள். மடத்தின் தட்டுமுட்டுச் சாமான்களைப் பலிபீடத்துப் பாத்திரங்களைப்போல் எண்ண வேண்டும் என்றும் அதே ஒழுங்கு சொல்கிறது. இதிலிருந்து இரண்டு காரியங்களை எடுத்துக்கொள்ளலாம்: வேலைக்குத் தொடக்கமும் முடிவும் இருக்க வேண்டும், பொருளைக் கையாளும் விதமே மரியாதையாக இருக்க வேண்டும்.

ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். தினமும் வருவதாகவும், கை பழகியதாகவும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிவதாகவும் இருக்கட்டும். பாத்திரம் துலக்குவது பொருத்தமானது. குழாயைத் திறக்குமுன் கையை நிறுத்தி, "எங்கள் கைகளின் கிரியையை எங்களிடத்தில் உறுதிப்படுத்தும்" (சங்கீதம் 90:17) என்று ஒருமுறை சொல்லுங்கள். பிறகு வேலையைக் கவனியுங்கள்: கைப்பிடி இடுக்கு, விளிம்பின் மடிப்பு, அடியில் பிடித்த கருகல். கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்ததும், அதில் சாப்பிட்ட ஒருவர் பெயரைச் சொல்லி நன்றி செலுத்துங்கள். அவ்வளவுதான். மூன்று வாரம் இந்த ஒரு வேலையோடு நில்லுங்கள், அடுத்ததைப் பிறகு சேர்க்கலாம். முதல் நாளே எல்லா வேலைகளையும் ஜெபமாக்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் வாரம் முடியுமுன் விட்டுவிடுகிறார்கள்.

கிறிஸ்தவப் பாடல்களை நாள் முழுக்க ஒலிக்கவிடுவதும் பலருக்கு உதவாது. சிறிது நேரத்தில் காது அதை ஒதுக்கிவிடும். வேலையின் முதல் ஐந்து நிமிடமாவது அமைதி இருக்கட்டும். கத்தி, கொதிக்கும் எண்ணெய், வாகனம் என்றால் ஜெபத்தை முன்னும் பின்னும் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கத்தி மேல் கண் வைப்பதே நீங்கள் செலுத்த வேண்டிய ஆராதனை.

மறந்துபோவீர்கள். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து கார்மேல் மடத்தில் சமையல் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ், மனம் விலகியது தெரிந்ததும் அதைத் தேவனிடம் ஒப்புக்கொண்டு, மேலும் கலங்காமல் வேலைக்குத் திரும்பிவிடுவார். குற்ற உணர்வில் அரைமணி நேரம் கழிப்பதைவிட அது நல்லது.

மாமியார் விஷயத்தில் ஒன்று. புரட்டிப் படுக்கவைக்குமுன், "அம்மா, இப்போ இடப்பக்கம் திருப்பப்போறேன்" என்று சொல்லிவிட்டு, அவர் மூச்சு விடும்வரை பொறுத்துத் திருப்புங்கள். சொல்லாமல் திருப்பினால் பயத்தில் உடல் விறைக்கும். அவருக்கும் வலி, உங்கள் முதுகுக்கும் கேடு. மத்தேயு 25இல் வியாதியாயிருந்தவரை விசாரிக்க வந்தவர்களுக்கு, அதை எனக்கே செய்தீர்கள் என்று ஆண்டவர் சொன்னது இந்த இடத்துக்கும் பொருந்தும். தனி ஜெபத்தை மட்டும் முழுதாக விட்டுவிடாதீர்கள். இரவில் தூக்கம் வந்தால், பகலில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் போதும்.

கேள்வி: கணக்கு எழுதும் வேலை எனக்கு. முதலாளி தொழிலாளிகளின் கூலியை இழுத்தடிக்கிறார், கணக்கையும் மாற்றி எழுதச் சொல்கிறார். "கர்த்தருக்கென்று செய்யுங்கள்" என்றால் வாயை மூடிக்கொண்டு செய் என்று அர்த்தமா?

பதில்: இல்லை தம்பி. கொலோசெயர் 3:23ஐ வாசிக்கிறவர்கள் 4:1ஐயும் சேர்த்து வாசிக்க வேண்டும். அங்கே எஜமான்களும் பரலோகத்தில் தங்களுக்கு ஓர் எஜமான் உண்டென்று அறிந்து, நீதியும் செவ்வையுமாய் நடக்கும்படி சொல்லப்படுகிறது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது யாக்கோபு 5:4. ஆமோஸ் 8:5இல் வருகிறவர்கள் ஓய்வுநாளைத் தவறாமல் ஆசரித்தவர்கள்தான்; அது எப்போது முடியும், மரக்காலைக் குறைத்து விற்கலாம் என்று காத்திருந்தார்கள். அவர்களுடைய பண்டிகைகளைத் தேவன் வெறுத்தார்.

ஆகவே உங்கள் ஆராதனை அந்தப் பேரேட்டில்தான் இருக்கிறது. தேதி, தொகை, பெறுபவர் மூன்றையும் நடந்தபடியே எழுதுங்கள். பொய்ப் பதிவு போடச் சொன்னால், "இதை நான் எழுத மாட்டேன்" என்று மரியாதையாக மறுத்துவிடுங்கள். சொல்லப்பட்டதையும் நீங்கள் சொன்னதையும் அன்றே தேதியிட்டுக் குறித்துவையுங்கள். வேறு வேலை தேடத் தொடங்குவது அவிசுவாசம் அல்ல. தேவ ஆவியால் நிரப்பப்பட்டான் என்று யாத்திராகமம் 31 சொல்லும் பெசலெயேல் ஓர் ஆசாரியன் அல்ல. பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் ஆகியவற்றில் வேலை செய்த கைவினைஞன். கணக்கு வேலையும் தேவனுக்கு அற்பமல்ல.

கேள்வி: மரம், பறவை என்று பார்த்து ஜெபிப்பது இயற்கை வழிபாடு ஆகிவிடாதா?

பதில்: சிருஷ்டியைத் தொழுவதை ரோமர் 1:25 கண்டிக்கிறது. சிருஷ்டியோடு சேர்ந்து துதிப்பது சங்கீதம் 148. ஜெபம் யாரை நோக்கிப் போகிறது என்பதே வேறுபாடு. "கவனித்துப்பாருங்கள்" என்று பறவைகளையும் காட்டுப் புஷ்பங்களையும் காட்டியவர் ஆண்டவரே.

இருபது நிமிடம் ஒரே இடத்தில், ஒரே பொருளின் முன் இருங்கள். கைபேசி வேண்டாம், படம் எடுத்த கணமே பார்ப்பது நின்றுவிடும். முதல் பத்து நிமிடம் ஜெபிக்கவும் வேண்டாம். ஓர் இலையை எடுத்துக்கொண்டால் நரம்பு எங்கே பிரிகிறது, அடிப்பக்க நிறம் என்ன, எது கடித்த ஓட்டை என்று பாருங்கள். பிறகு சங்கீதம் 104ஐ மெதுவாக வாசியுங்கள். அதில் வரையாடும் குழிமுசலும் சிங்கமும் தங்கள் இடத்தில் வாழ்கின்றன. மனிதன் 23ஆம் வசனத்தில்தான் வேலைக்குப் புறப்படுகிறான். கடைசியில், பார்த்ததைப் பெயர் சொல்லி ஸ்தோத்திரம் செய்யுங்கள். உடனே ஒரு பாடம் கண்டுபிடிக்க அவசரப்படுவதுதான் இதில் அடிக்கடி நேரும் தவறு. எறும்பைப் பார்த்ததும் சுறுசுறுப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எறும்பைப் பார்க்கவே மாட்டோம்.

கேள்வி: தோட்டமே எனக்கு ஆலயம். சபைக்கு ஏன் போக வேண்டும்?

பதில்: தோட்டம் உங்களுக்காகப் பாவமன்னிப்பை அறிவிக்காது, அப்பத்தைப் பிட்டுக் கொடுக்காது. சபை கூடிவருதலை விட்டுவிடாதிருக்கச் சொல்லும் எபிரெயர் 10:25ஐ வாசித்துவிட்டுத் தோட்டத்துப் பூக்களோடு வாருங்கள்.

கேள்வி: செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை, படைப்புக்காக ஜெபித்து அதைப் பேணும்படி சபைகள் ஆசரிக்கும் படைப்பின் காலத்தில் எங்கள் வாலிபர் குழு உரக்குவியல் போட விரும்புகிறது. போன முறை நாற்றம் தாங்காமல் நிறுத்திவிட்டோம்.

பதில்: ஏதேனில் மனிதன் வைக்கப்பட்டது பண்படுத்தவும் காக்கவும் (ஆதியாகமம் 2:15). மண்ணைக் காப்பதில் உரக்குவியலுக்கு இடம் உண்டு.

நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஈரக்கழிவு மிகுதி. காய்கறித் தோல், பச்சைப் புல் ஒரு பங்கு என்றால், காய்ந்த இலை, வைக்கோல், கிழித்த அட்டை இரண்டு முதல் மூன்று பங்கு, எடையில் அல்ல, அளவில். இறைச்சி, மீன், எண்ணெய்ப் பண்டம் போடாதீர்கள், எலி வரும். நீளம், அகலம், உயரம் ஒரு மீட்டராவது இருந்தால்தான் உள்ளே சூடு நிற்கும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வரக்கூடாது. அழுகிய முட்டை வாசம் என்றால் காற்று இல்லை: கிளறிக் காய்ந்த இலை சேருங்கள். மூக்கைக் குத்தும் அம்மோனியா வாசம் என்றால் பச்சைக் கழிவு அதிகம். வாரம் ஒருமுறை கிளறுவதற்கு இருவர் பெயரைப் பட்டியலில் எழுதி, ஞாயிறு ஆராதனையில் அவர்களுக்காக ஜெபியுங்கள். அக்டோபர் 4க்குள் உரம் தயாராகாது. சில மாதம் ஆகும் என்பதால், பட்டியலை அடுத்த ஆண்டுத் தொடக்கம் வரைக்கும் போட்டுவிடுங்கள்.