பகிர்வுப் பாதையில் மிதிவண்டி மணியை எப்போது அடிக்க வேண்டும்?

சிங்கப்பூரில் நடப்பவரும் மிதிவண்டி ஓட்டுபவரும் பகிர்ந்துகொள்ளும் பூங்கா இணைப்புப் பாதைகளில் நடப்பவரைக் கடக்கும்போது மணியடிப்பது மரியாதைக் குறைவா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, முதுகுக்குப் பின்னால் வந்து திடீரென அடிப்பதுதான் தவறு. அங்கு உச்ச வேக வரம்பான மணிக்கு 25 கிலோமீட்டரில் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் ஓடுவதால், 20 மீட்டருக்கு முன்பே மணியடித்தாலும் நடப்பவருக்குக் கிடைப்பது மூன்று நான்கு நொடிகள்தான். ஆகவே தொலைவிலேயே ஒருமுறை மெல்ல ஒலித்துவிட்டு, வேகத்தையும் குறையுங்கள். நெருங்கியபின் அடித்தால், குழந்தையைக் கைப்பிடித்து நடக்கும் தாய் ஒருபுறமும் குழந்தை மறுபுறமும் விலக முயன்று, இருவரும் பாதை நடுவிலேயே தடுமாறுவார்கள். இயர்போன் அணிந்தவருக்கும் செவித்திறன் குறைந்தவருக்கும் மணி கேட்காமல் போகலாம். அவர்களிடம் மீண்டும் மீண்டும் அடிக்காமல், நடைவேகத்துக்கு இறங்கி, போதிய இடம் விட்டு வலப்புறமாகக் கடந்து செல்லுங்கள். ஒதுங்கி வழிவிட்டவருக்குத் தலையசைத்து நன்றி சொல்ல மறக்காதீர்கள்.