எக்கோ படிக்கட்டும், கல்லூரியை மட்டும் விசாரித்துச் சேருங்கள்

நெல்லிக்குப்பத்திலிருந்து கேட்டிருந்த அம்மாவுக்கு. தாத்தாவுக்கு டயாலிசிஸ் நடக்கிற இடத்தில் எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் படமெடுக்கிற ஸ்கேன்) எடுத்ததைப் பார்த்துவிட்டு உங்கள் மகள் இதைத்தான் படிப்பேன் என்கிறாள், உங்களுக்கோ அது வெறும் பட்டன் தட்டுகிற வேலையோ என்று கவலை. இல்லைம்மா. நெஞ்சில் வைத்துப் படமெடுக்கிற புரோபைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலே அளவு மாறிவிடும், அவ்வளவும் கைப்பழக்கம்.

அதிலும் சிறுநீரகம் செயலிழந்தவர்களின் இதயம் லேசில் பிடிபடாது. வருஷக்கணக்கான பிபியாலும் உடம்பில் தேங்குகிற நீராலும் இடது கீழறைச் சுவர் தடித்துப்போகும். டயாலிசிஸ் தொடங்கும் கட்டத்திலேயே பெரும்பாலானவர்களுக்கு இது வந்திருக்கும். பம்பிங் 60 சதவீதம், நார்மல் என்று ரிப்போர்ட் சொல்லும், ஆனால் சுவர் விறைத்துத் தளர முடியாமல் இருப்பதால் அவருக்கு மூச்சு வாங்கும். அதை டாப்ளரில், அதாவது ரத்தமும் இதயச் சுவரும் நகரும் வேகத்தை எக்கோவிலேயே அளக்கிற முறையில், தேடத் தெரிந்த ஆள் வேண்டும். டயாலிசிஸுக்கு முன்னால் நீர் கோத்திருக்கும்போது எடுத்த அளவும், நீரை இறக்கி டிரை வெயிட்டுக்கு (மிகுதி நீர் இல்லாத எடைக்கு) வந்தபின் எடுத்த அளவும் ஒன்றாக இருக்காது. எந்த நிலையில் எடுத்தது என்று குறிக்காமல் விட்டால் அடுத்த வருஷத்து எக்கோவோடு ஒப்பிடவே முடியாது, மருந்தை மாற்றுவதா வேண்டாமா என்று டாக்டர் திணறுவார். இந்த அக்கறை உள்ள டெக்னீஷியன்கள்தான் நமக்கு வேண்டும்.

கதிர்வீச்சு பயம் பற்றிக் கேட்டீர்கள். எக்கோ ஒலியலை, அதில் கதிர்வீச்சே கிடையாது. ஆனால் இதே படிப்பில் கேத் லேபும் (ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாய் விட்டு இதயத்தைச் சோதிக்கிற அறை) வரும், அங்கே எக்ஸ்ரே உண்டு. ஈய ஏப்ரனும் கதிர் அளவு காட்டும் பேட்ஜும் போட்டுத்தான் நிற்க வேண்டும்.

சரி, எங்கே சேர்ப்பது? பக்கத்திலேயே புதுச்சேரி ஜிப்மரில் பி.எஸ்சி. கார்டியாக் லேபரட்டரி டெக்னாலஜி இருக்கிறது, நீட் மதிப்பெண் வேண்டும். தமிழ்நாட்டு அரசுக் கலந்தாய்வுக்கு பிளஸ் டூ மதிப்பெண் போதும். தனியார் கல்லூரி என்றால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். கடைசி வருஷ மாணவர்களைத் தனியே பிடித்து, புரோபைக் கையில் தருகிறார்களா இல்லை பின்னால் நின்று வேடிக்கை பார்க்கத்தான் விடுகிறார்களா, மருத்துவமனையில் டயாலிசிஸ் யூனிட் ஓடுகிறதா என்று கேளுங்கள். வேடிக்கைதான் என்றால் பணம் கட்டவே கட்டாதீர்கள்.

ஒன்றை மகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: படமும் அளவும் அவள் எடுப்பாள், ரிப்போர்ட்டில் கையெழுத்து டாக்டருடையது. அப்புறம் பிசிக்ஸை இப்போதே ஒழுங்காகப் படிக்கச் சொல்லுங்கள், ஒலியலையும் டாப்ளரும் முதல் வருஷத்திலேயே வந்துவிடும்.